பதினேழு வரிகள்

ஆகஸ்ட் 29, வியாழன்

பெங்களூரு சந்திப்புக்குப் பெயர் பதிந்தேன். மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடும் இரண்டு நாள் கூட்டம். வேலை கொடுப்பவர்களும் வருவார்கள். ஒன்பது வருடமாக ரெஜினாதான் போனாள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து திருத்தம் பார்ப்பேன். இருவர் நடத்தும் நிறுவனத்தில் ஒருத்தி பேச வேண்டும், ஒருத்தி படிக்க வேண்டும் என்பது அவள் வகுத்த ஏற்பாடு.

படிவத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. இரண்டையும் நிரப்பினேன். அவள் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

‘உங்கள் நிறுவனத்தை முப்பது விநாடியில் அறிமுகம் செய்யுங்கள்’ என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. போன வருடம் ரெஜினா எழுதியதைத் தேடி எடுத்து ஒட்டினேன்.

ஐந்து நாள் கழித்துச் சிறுவாணித் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம், நான்கு குடம்.

ஆகஸ்ட் 31, சனி

கோவை ராமநாதபுரத்தில் ரெஜினா வீட்டுக்குப் போனேன். ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. அவளுக்கு இப்போது இருப்பது ‘ஆமா’ என்ற ஒரு சொல். காப்பி வேணுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. நாம் பேசுவது புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அந்தோணிராஜ் ஃபவுண்டரியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மனைவியைப் பார்த்துக்கொள்கிறார். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

“பெங்களூர்ல ரெஜினா எங்கன்னு கேப்பாங்களேங்க” என்றார்.

“லீவுல இருக்கான்னு சொல்லிக்கிறேன். எங்களுக்கு வேலை குடுக்கற பம்ப் கம்பெனி அஞ்சு மொழிக்கும் ஒரே ஆளைத் தேடிட்டு இருக்காங்க. இப்ப தெரிஞ்சா வேற இடம் போயிருவாங்க.”

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மாள் ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்தார். எப்படி ஆச்சு என்று கேட்டார். அந்தோணிராஜ் சொன்னார்: “ஒண்ணரை மணிக்குங்க. ஆபீஸ்ல சாப்ட்டு உக்காந்திருக்கா, திடீர்னு ஆயிருச்சு. பானு மேடம் இருந்ததால சரி. உடனே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போய்ட்டாங்க.”

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்த் தம்ளர்களைக் கழுவினேன். முன்பே கழுவியிருந்தார்கள் போல.

செப்டம்பர் 4, புதன்

ஒன்றுமில்லை. இரண்டாயிரத்து நூறு சொற்கள் திருத்தினேன்.

செப்டம்பர் 9, திங்கள்

முப்பது விநாடிப் பேச்சை அடுப்பு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். “வணக்கம், நான் பானுரேகா, கோயம்புத்தூர்.” அதற்கு மேல் ரெஜினாவின் வாக்கியங்கள். என் வாயில் அவை நிற்கவில்லை. ‘எங்க பானு மண்டைக்குள்ள அகராதி, வாயிலதான் பூட்டு’ என்று அவள் எல்லோரிடமும் சொல்வாளாம்.

பால் பொங்கி வழிந்தது.

இன்றோடு இரண்டு மாதம்.

செப்டம்பர் 14, சனி

பம்ப் கம்பெனியின் யாமினி கடிதம் அனுப்பியிருக்கிறாள். வேலூர்ப் பெண், புனேயில் வேலை. மொழிபெயர்ப்பு வேலைகளை யாருக்குத் தருவது என்று முடிவு செய்வது அவள்தான். கூட்டத்தின் முதல் நாள் மேடையில் பேசப்போகிறாளாம். நாங்கள் செய்து கொடுத்த ஒரு கோப்பை நல்ல உதாரணமாகக் காட்டலாமா என்று அனுமதி கேட்டிருந்தாள்.

‘தாராளமாக’ என்று பதில் போட்டேன். எந்தக் கோப்பு என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

விடியற்காலை ரயில். ஜன்னல் சீட்டு. சேலத்தில் இட்லி விற்றார்கள், வாங்கவில்லை. மதியம் அறைக்கு வந்து சேர்ந்தேன். இஸ்திரிப் பெட்டி கேட்டு வாங்கி இரண்டு காட்டன் சேலைகளையும் மடிப்பு நீக்கி வைத்தேன். கட்டில் பெரியது. ஒரு ஓரத்தில் படுத்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

காலை ஒன்பது மணிக்குப் பெயர் அட்டை தந்தார்கள். இரண்டு. என்னுடையதை மாட்டிக்கொண்டேன். அவளுடையதைப் பைக்குள் போட்டேன். துணிப்பை, பேனா, குறிப்பேடு, தண்ணீர் பாட்டில். எந்தெந்த மொழி என்று ஒட்டிக்கொள்ள வண்ண வண்ணமாகச் சீட்டுகள். தமிழ் ஆரஞ்சு.

காலையில் மேசைச் சந்திப்பு. முப்பது மேசைகள். ஒவ்வொன்றிலும் வேலை கொடுக்கும் ஒருவர். எட்டு நிமிடம் பேச வேண்டும், மணி அடித்தால் எழுந்து அடுத்த மேசை. ஏழு மேசைக்குப் போனேன். எல்லா மேசையிலும் இரண்டு கேள்விகள். மெஷின் மொழிபெயர்ப்பதைத் திருத்தித் தருவீர்களா, எத்தனை வேகமாக. செய்வோம் என்றேன். வேகமாக என்றேன். நான்கு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். மிச்ச நான்கு நிமிடம் எதிரில் இருப்பவர் தன் போனைப் பார்ப்பார். நான் என் போனைப் பார்ப்பேன்.

தேநீர் நேரத்தில் சென்னை திருவேங்கடம் சார் தேடிக்கொண்டு வந்தார். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். குரல் பெரியது.

“நீங்கதானே ரெஜினாவோட பானு? எங்கம்மா உங்க ஆளு?”

“லீவுல இருக்காங்க சார்.”

“லீவா? அவங்களா? போன வருஷம் ஏர்போர்ட் போற பஸ்ல பதினாலு பேரைப் பாட வெச்சாங்கம்மா. ஒரு ஜெர்மன்காரன் உட்பட. போனைப் போடுங்க, நான் திட்டறேன்.”

“போன் எடுக்க மாட்டாங்க சார். ஊர்ல இல்ல.”

“எந்த ஊர்?”

“வேளாங்கண்ணி.”

“சரி, எனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்தச் சொல்லுங்க” என்று என் தட்டில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனார். அதைச் சாப்பிட்டேன்.

மதியம் புலாவ், பனீர், தயிர்சாதம். தயிர்சாதம் எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு யாமினி பேசினாள். இருநூறு பேர் இருப்பார்கள். ஆங்கிலத்தில் பேசினாள். நன்றாகவே பேசினாள். மெஷின் எத்தனை முன்னேறினாலும் கடைசியில் ஒரு மனிதக் கண் வேண்டும், அதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன் என்றாள். திரையில் எங்கள் கோப்பு வந்தது. தண்ணீர் பம்ப் கையேடு. நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் மறைத்திருந்தாள். இடப்பக்கம் முதலில் போட்ட தமிழ், வலப்பக்கம் திருத்திய தமிழ். ஓரத்தில் சின்ன எழுத்தில் நாளும் நேரமும். நாங்கள் வேலை செய்யும் மென்பொருள் ஒவ்வொரு வரியையும் யார் எப்போது தொட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளும்.

ஜூலை 9. 10:12.

வலப்பக்கம்: ‘மோட்டாரின் வால்வைத் திறக்கவும்.’ இடப்பக்கம்: ‘மோட்டாரின் வாழையைத் துவைக்கவும்.’

யாமினி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கூடம் சிரித்தது. மெஷினுக்குப் பசி என்று யாரோ சொல்ல இன்னும் சிரித்தார்கள்.

10:19. ‘தண்ணி வரும் தண்ணி தண்ணி வரை.’

10:24. ‘மூடிமூடி பச்சை இல்லை அது அது.’

இந்த மாதிரிப் பதினேழு வரிகள் என்றாள். திருத்துபவர் பதினேழையும் பிடித்திருக்கிறார், ஒன்றுகூடத் தவறவில்லை, கெடு நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே கோப்பு வந்துவிட்டது. கடைசியாக ஒன்று காட்டினாள்.

10:31. ‘பானு பானு கை.’

“மெஷின் எங்கிருந்தோ ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது பாருங்கள்” என்றாள். சிரித்தார்கள். எனக்கு முன்வரிசையில் ஒருவர் தோள் குலுங்கச் சிரித்தார். “இதைத் திருத்தியவர் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார். மேடம், எழுந்து நில்லுங்கள்.”

எழுந்து நின்றேன். கைதட்டினார்கள். உட்கார்ந்தேன். இன்னொருவர் பேசினார்.

இப்போது மணி ஆறு. அறையில் இருக்கிறேன். எழுதிவிடலாம்.

அது மெஷின் இல்லை. அன்று காலை ரெஜினா முன்னறையில் இருந்தாள், நான் ஏசி அறையில், கதவு சாத்தி. அவள் தமிழாக்கி விடும் வரிகளைப் பின்னாலேயே நான் திருத்திக்கொண்டு வருவேன். அந்த வரிகளுக்கு வந்தபோது பதினொன்று ஐந்து. எனக்கு எரிச்சல் வந்தது. தட்டச்சு கோளாறு என்று நினைத்தேன். பிறகு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ‘பானு பானு கை’ என்ற வரியைப் பார்த்துவிட்டு எழுந்து போனேன். மேசைமேல் தலை வைத்திருந்தாள். தலைவலியா என்றேன். ஏதோ சொன்னாள், குழறியது. வாய் ஒரு பக்கமாக இருந்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுத முடியாது.

“படுத்துக்க ரெஜி. மிச்சத்தை நான் முடிச்சுடறேன்” என்றேன். பாய் விரித்துப் படுக்க வைத்தேன். கெடு ஒன்று நாற்பது. அவள் வரிகள் போக இன்னும் இருநூற்றுச் சொச்சம் வரிகள் இருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு முடித்தேன். அந்த வரியில் அவள் எழுதியதை அழித்துவிட்டு ‘சுவிட்சை அணைக்கும் முன் கைகளைத் துடைத்துக்கொள்ளவும்’ என்று எழுதினேன். ஒன்று இருபதுக்கு அனுப்பினேன். ஒன்றரைக்கு அவளிடம் போனேன்.

ஆஸ்பத்திரியில் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். ஒன்றரை என்றேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, “ரொம்பப் பரவிடுச்சும்மா. இனி ரத்தக்கட்டைக் கரைக்கற ஊசி போட முடியாது. இன்னும் முன்னாடி வந்திருக்கணும்” என்றார். அந்தோணிராஜ் அப்போது வந்திருக்கவில்லை. வந்ததும் அவரிடமும் ஒன்றரை என்றேன்.

சேலையை மடித்துவிட்டேன். இரவுச் சாப்பாடு பத்தாவது மாடியில் என்று போட்டிருக்கிறது. போகவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

யாமினி பம்ப் கம்பெனியின் மேசையில் தனியாக இருந்தாள். போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“மேடம், நேத்துல இருந்து எல்லாரும் உங்களைப் பத்தித்தான் கேக்கறாங்க. அஞ்சு மொழி விஷயம் கிட்டத்தட்ட முடிஞ்சுது. ரெஜினா மேடம் எப்ப வருவாங்க? ஒரு கால் போட்டுப் பேசிடலாம்.”

“அந்தப் படத்தை எடுத்துருங்க” என்றேன்.

“எந்தப் படம்?”

“நேத்துக் காட்டினது. எல்லாருக்கும் அனுப்புவீங்கல்ல, அதுல இருந்து எடுத்துருங்க. அது மெஷின் போட்டதில்ல. ரெஜினா எழுதினது.”

அவளுக்குப் புரியவில்லை. “அவங்க ஐடியிலதான் இருந்துது. மெஷின்ல போட்டு ஒட்டியிருப்பாங்கன்னு நினைச்சேன்…”

“அப்ப அவளுக்கு ஸ்ட்ரோக் வந்துட்டு இருந்துது. இப்பப் பேச்சு இல்ல. வலது கையும் இல்ல. நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்.”

அடுத்த மேசையில் யாரோ அட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். யாமினி மடிக்கணினியை மூடினாள்.

“ஏன் மேடம் அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லல? ரெண்டு நாள் டைம் குடுத்திருப்பேனே.”

“கெடு ஒண்ணு நாப்பதுன்னு போட்டிருந்துது.”

“அது எல்லாத்துக்கும் போடறதுதான்.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “அந்த பம்ப் வெளியிடறதே ஒன்பது நாள் தள்ளிப் போச்சு மேடம்.”

மணி அடித்தது. எட்டு நிமிடம் ஆகிவிட்டது. எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். எழுந்து இடம் விட்டேன்.

வெளியே திருவேங்கடம் சாரிடமும் சொன்னேன். வேளாங்கண்ணி பொய் என்றேன். அவர் என்னென்னவோ கேட்டார். எந்த டாக்டர், என்ன மருந்து, பிசியோ யார். சொன்னேன். கடைசியில், “நேத்து நானும் சிரிச்சேனேம்மா” என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றேன்.

செப்டம்பர் 21, சனி

ரயில் நாற்பது நிமிடம் தாமதம். வீட்டில் தண்ணீர் வந்து போயிருந்தது. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலைப் பூசை முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துப் பத்தரைக்குப் போனேன். இப்போது கோயிலில் இருந்து வீட்டுக்கே வந்து ரெஜினாவுக்கு நற்கருணை கொடுக்கிறார்கள். அதுவும் ஆகியிருந்தது. அந்தோணிராஜ் கோழிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். “உக்காருங்க பானு மேடம், சாப்ட்டுத்தான் போகணும்” என்றார் அடுப்படியில் இருந்தே.

ரெஜினா என்னைப் பார்த்து ‘ஆமா’ என்றாள். அவள் முகத்தில் பாதி சிரித்தது.

பெங்களூரைப் பற்றிச் சொன்னேன். எட்டு நிமிட மேசை, பிஸ்கட், ஆரஞ்சுச் சீட்டு. ஆமா, ஆமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு யாமினி திரையில் காட்டியதைச் சொன்னேன். அவள் ஆமா சொல்லவில்லை.

“பதினோரு மணிக்கே பாத்துட்டேன் ரெஜி. என் பேரை எழுதியிருந்தே. அழிச்சிட்டேன். உன் வாய் கோணியிருந்ததையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் கதவைச் சாத்தினேன். ஃபைல் போகணும்னு உக்காந்துட்டேன். டாக்டர்கிட்ட ஒண்ணரைன்னு சொன்னது பொய். அந்தோணிகிட்டச் சொன்னதும் பொய்.”

அவள் என்னையே பார்த்தாள். வெகுநேரம். அவளுக்குத் தெரியாத செய்தி எதையும் நான் சொல்லிவிடவில்லை என்று அப்போது தோன்றியது. அவளும் அங்கேதான் இருந்தாள். அந்தப் பாயில் இரண்டரை மணி நேரம் படுத்து, கதவுக்கு இந்தப் பக்கம் நான் தட்டச்சு செய்யும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

உதடு அசைந்தது. தாடை இறங்கியது. முதலில் காற்றுதான் வந்தது.

“போ” என்றாள்.

தெளிவாக. அவளுடைய பழைய குரல்.

அடுப்படியில் கரண்டி விழுந்தது. அந்தோணிராஜ் ஓடி வந்தார். “என்ன சொன்னா? இப்ப என்ன சொன்னா?”

“‘போ’ன்னு சொன்னா.”

“ஆமா தவிர வேற எதுவும் வந்ததில்லையே! ரெஜி, இன்னொரு தடவை சொல்லும்மா, போ சொல்லு.”

“போ” என்றாள். அவரைப் பார்த்து இல்லை.

அவர் அழுதுகொண்டே சிரித்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். குழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு கேட் வரை வந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

குழம்பைக் கொட்ட முடியவில்லை. சாப்பிடவும் முடியவில்லை. சூடு பண்ணி வேறு கிண்ணத்தில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்தேன்.

மாலை நான்கு மணிக்குத் தூக்குப்போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். அந்தோணிராஜ் வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று சொன்னேன். இந்த முறை வரிசையாகச் சொல்ல முடிந்தது. பதினொன்று ஐந்து, ஒன்று இருபது, ஒன்றரை.

துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தார். மறுபடி நனைத்தார்.

“எல்லார்கிட்டயும் நான் சொல்லிட்டு இருந்தேங்க. நீங்க இருந்ததால சரின்னு.”

“கேட்டேங்க.”

“கேட்டுட்டு நின்னீங்க.”

“ஆமாங்க.”

ஸ்கூட்டரின் மறுபக்கம் போனார். முகம் தெரியவில்லை. துடைக்கும் சத்தம் மட்டும் வந்தது. ரொம்ப நேரம் கழித்து, “பாத்திரத்தை அங்க வெச்சுட்டுப் போங்க” என்றார்.

வைத்துவிட்டு வந்தேன். வந்து இருபது துணிகளைத் துவைத்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

யாமினி கடிதம். அந்தப் படத்தை நீக்கிவிட்டாள். தமிழ் மட்டும் எங்களுக்கு. மற்ற நான்கு மொழிகள் வேறு நிறுவனத்துக்கு. ‘எங்களுக்கு’ என்றுதான் எழுதியிருக்கிறாள். இனிமேல் அது யார் என்று தெரியவில்லை.

மதியம் அந்தோணிராஜ் போன் செய்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க.”

எதற்கு என்று கேட்டேன்.

“பேச்சுப் பயிற்சி குடுக்கற அம்மா சொல்றாங்க. நாலு நாளா எவ்வளவோ பாத்துட்டாங்க, ஆமாவைத் தவிர ஒண்ணும் வரல. அன்னிக்கு யாரைப் பாத்துச் சொன்னாங்களோ அவங்களைக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. அவளுக்காகத்தான் கூப்பிடறேன். நீங்க என்கிட்டப் பேச வேண்டாம்.”

செப்டம்பர் 27, வெள்ளி

போனேன். பயிற்சி கொடுப்பவர் பெயர் கனிமொழியாள். இளவயது. எதிரில் என்னை உட்கார வைத்தார். ரெஜினா என்னைப் பார்த்தாள்.

“போ.”

“நல்லா வருது மேடம்! பேசுங்க, நீங்க ஏதாவது பேசிட்டே இருங்க.”

தண்ணீர் வந்ததைச் சொன்னேன். இருபத்தைந்து நிமிடத்தில் பதினொரு முறை ‘போ’ சொன்னாள். அந்தோணிராஜ் அறைக்குள் வரவில்லை. கிளம்பும்போது சாவிக்கொத்தை எடுத்து என்னிடம் நீட்டாமல் மேசைமேல் வைத்தார், கேட்டைத் திறந்துகொள்ள.

செப்டம்பர் 30, திங்கள்

போனேன். ‘போ.’

அக்டோபர் 1, செவ்வாய்

போனேன். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஒரு பெண் ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாள். இல்லையே என்றேன். தொட்டுப் பார்த்தால் முகம் நனைந்திருந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று நான் உள்ளே நுழைந்ததும் ரெஜினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்காகக் காத்திருந்தவள் மாதிரி. இடது கையை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு உதடுகளைக் குவித்தாள். நெற்றியில் வேர்த்துவிட்டது.

“நீ… போ” என்றாள்.

கனிமொழியாள் கைதட்டினார். இரண்டு சொல்லைச் சேர்ப்பது பெரிய முன்னேற்றமாம். ஆள் யார் என்று சொல்லத் தொடங்கிவிட்டால் வாக்கியம் வந்துவிடும் என்றார். கதவோரம் நின்றிருந்த அந்தோணிராஜைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரத்தில் ஐந்து நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறேன் என்றேன்.